சொலித்ரேயோ: செபராதி யூதரின் கையெழுத்து வரலாறு

எபிரெய மொழியைக் கற்கத் தொடங்கும் இறையியல் மாணவர் முதலில் சந்திப்பது சதுர எழுத்தையே. எபிரெயத் திருமறையின் அச்சுப் பதிப்புகளில் காணப்படும் அவ்வெழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், செதுக்கி வைத்த கற்களைப்போலத் தனித்தனியே நிற்கின்றன. அவற்றைப் பழகி, ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்ட மாணவர், எபிரெய எழுத்தைத் தாம் அறிந்துவிட்டதாகக் கருதுவது இயல்பே. ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் சலோனிக்கா நகரத்து யூத வணிகர் ஒருவர் தம் உடன்பிறந்தாருக்கு எழுதிய கடிதத்தை அவர் முன் வைப்போமாயின், அவர் திகைத்துப்போவார். மாணவர் மட்டுமல்லர், பல்லாண்டுகள் எபிரெயம் கற்பித்த ஆசிரியரும், இஸ்ரேல் நாட்டிலேயே பிறந்து நாள்தோறும் எபிரெயத்தில் எழுதுகிறவரும் அதன் முன் தடுமாறுவர். இத்தனைக்கும் அக்கடிதத்தில் இருப்பவை 119ஆம் சங்கீதத்தின் தலைப்புகளாக நம் திருமறையிலும் நாம் காணும் ஆலெப், பேத், கிமெல் முதலிய அதே 22 எழுத்துகளே. எழுதும் முறைதான் வேறு. அம்முறைக்குச் சொலித்ரேயோ என்று பெயர்.

ஒபதியாவின் தீர்க்கதரிசனம் 20ஆம் வசனத்தில் செபராத் என்னும் இடப்பெயர் வருகிறது. தீர்க்கதரிசி குறிப்பிட்ட ஊர் சிறிய ஆசியாவின் சர்தை நகரம் எனப் பல அறிஞர் கருதுவர். ஆயினும் இடைக்கால யூதர் அப்பெயரை ஸ்பெயின் நாட்டுக்கு வழங்கினர். ஆகவே ஸ்பெயின், போர்ச்சுக்கல் ஆகிய நாடுகளில் வாழ்ந்து, பின்பு அங்கிருந்து துரத்தப்பட்டுச் சிதறிய யூதரும் அவர் வழித்தோன்றல்களும் செபராதியர் எனப்பட்டனர். ஜெர்மனி, போலந்து முதலிய நாடுகளின் யூதர் அஷ்கனாசியர். வழிபாட்டு முறை, எபிரெய உச்சரிப்பு, உணவு, பேச்சுமொழி ஆகிய பலவற்றிலும் இவ்விரு பிரிவினரும் வேறுபட்டதைப் போலவே கையெழுத்திலும் வேறுபட்டனர். சொலித்ரேயோ என்னும் சொல், எழுத்துக் கூட்டுதல் என்று பொருள்படும் ஐபீரியச் சொல்லொன்றிலிருந்து வந்தது. சில ஊர்களில் மக்கள் இதனைக் 'கான்சோஸ்', அதாவது கொக்கிகள் என்றும் அழைத்தனர். அவ்வெழுத்துள்ள தாளொன்றைக் கண்டவர் இப்பெயரின் பொருத்தத்தை ஒப்புக்கொள்வர்.

ஒரே மொழிக்கு இருவகை எழுத்து ஏன் வேண்டும்? விரைவாக எழுதுவதற்கு என்பது எளிய விடை. எம்மொழியிலும் கை விரையும்போது எழுத்து வளையும், சுருங்கும், அடுத்த எழுத்தைப் பற்றிக்கொள்ளும். ஆனால் யூதரிடையே இதனினும் ஆழமான காரணம் ஒன்று சொல்லப்பட்டது. தல்மூத்தின் சன்ஹெத்ரின் பகுதி தரும் மரபின்படி, தோரா முதலில் பழைய எபிரெய எழுத்தில் அருளப்பட்டு, எஸ்றாவின் காலத்தில் அசீரிய எழுத்தில் மீண்டும் அருளப்பட்டது. அசீரிய எழுத்து எனப்படுவது நாம் கற்கும் சதுர எழுத்தே. தோராச் சுருள், ஜெபப்பட்டைகளுக்குள் வைக்கும் வசனங்கள், வாசல் நிலைகளில் பொருத்தும் வசனச் சுருள் ஆகியவை இவ்வெழுத்தில் மட்டுமே எழுதப்படவேண்டும். ஓர் எழுத்து அடுத்ததைத் தொட்டாலும் அச்சுருள் வழிபாட்டிற்கு உதவாது.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் பேரறிஞர் மோசே மைமோனிடீஸ், ஜெபப் போர்வையில் திருவசனங்களைப் பின்னலாமா என்ற வினாவுக்கு விடையளிக்கையில் இதைக் குறித்து எழுதுகிறார். தோராவுக்குரிய எழுத்தைச் சாதாரணக் காரியங்களுக்குப் பயன்படுத்துவது தகாது என்றும், அதனாலேயே செபராதியர் தங்கள் எழுத்தின் வடிவை வேறு எழுத்தோ என்று எண்ணுமளவுக்கு மாற்றி, உலகக் காரியங்களை எழுதத் தடையில்லாதபடி செய்துகொண்டனர் என்றும் அவர் விளக்குகிறார். எழுத்தின் வரலாற்றை ஆராய்வோர் இதனை முழு விளக்கமாக ஏற்கமாட்டார்கள். ஒரு மக்கள்கூட்டம் கூடி முடிவுசெய்து எழுத்தை மாற்றுவது அரிது. எனினும் அம்மக்கள் தங்கள் கையெழுத்தை எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. பரிசுத்தமானதற்கு ஓர் எழுத்து. சந்தைக்கும் சமையலறைக்கும் கடிதத்திற்கும் வேறோர் எழுத்து. இரண்டும் ஒரே அகரவரிசை.

வேறொரு காரணமும் உண்டு. அது எழுதுகோலைச் சார்ந்தது. வட ஐரோப்பாவின் யூதர் பறவை இறகைச் சீவி எழுதினர். ஸ்பெயினின் யூதரோ இஸ்லாமிய நாடுகளின் வழக்கப்படி நாணற்கோலால் எழுதினர். கோர்தோபா, தொலேதோ முதலிய நகரங்களில் யூதரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்ந்தனர்; யூத அறிஞர் அரபு மொழியிலேயே தத்துவமும் மருத்துவமும் இலக்கணமும் எழுதினர், ஆனால் எபிரெய எழுத்தில் எழுதினர். அரபு எழுத்தைக் கண்டு பழகிய கண்ணும் அதே எழுதுகோலைப் பிடித்த கையும் எபிரெய எழுத்தை வளைத்ததில் வியப்பில்லை. செபராதிக் கையெழுத்தின் ஓட்டத்தில் அரபு எழுத்தின் சாயல் தெரிவதற்கு இதுவே காரணம்.

மைமோனிடீசின் கையெழுத்தே இன்றளவும் நமக்குக் கிடைத்திருக்கிறது. 1138ஆம் ஆண்டு கோர்தோபாவில் பிறந்த அவர், அல்மொகாது ஆட்சியாளரின் கொடுமைக்குத் தப்பி, மொரோக்கோ வழியாக எகிப்தை அடைந்து, 1204ஆம் ஆண்டு அங்கே காலமானார். எகிப்தில் பல்லாண்டுகள் வாழ்ந்தும் அவருடைய கை தான் கற்ற அந்தலூசிய எழுத்தை விடவில்லை. அடித்தும் திருத்தியும் இடைவெளிகளில் சேர்த்தும் அவர் எழுதிய வரைவுகள் கெய்ரோவின் பென் எஸ்றா ஜெப ஆலயத்துச் சேமிப்பறையில் கிடைத்தன. படிப்பதற்கு எளிதான கையன்று அது.

கெனிசா எனப்படும் அச்சேமிப்பறையின் கதை நம் வாசகருக்கு ஓரளவு தெரிந்திருக்கும். கடவுளின் திருநாமம் இருக்கக்கூடிய தாளை அழிக்கலாகாது என்னும் பயபக்தியால், தேய்ந்துபோன நூல்களை யூதர் ஓர் அறையில் ஒதுக்கிவைப்பர். கெய்ரோவில் இவ்வழக்கம் விரிந்து, எபிரெய எழுத்துள்ள எதையும், கணக்குச் சீட்டையும் திருமண ஒப்பந்தத்தையும் சிறுவரின் எழுத்துப் பயிற்சியையுங்கூட எறியாமல் சேர்த்துவைத்தனர். ஸ்காத்லாந்து நாட்டுப் பிரெஸ்பிட்டேரியரான இரட்டைச் சகோதரியர் ஆக்னஸ் லூயிசும் மார்கரெட் கிப்சனும் 1896ஆம் ஆண்டு கீழ்த்திசைப் பயணத்தில் வாங்கிவந்த சில தாள்களைக் கேம்பிரிட்ஜில் சாலமோன் ஷெக்டரிடம் காட்டினர். அவற்றுள் ஒன்று சீராக்கின் ஞானநூலின் எபிரெய மூலப் பகுதி என்று அவர் கண்டார். அவ்வாண்டின் இறுதியில் ஷெக்டர் கெய்ரோவுக்குச் சென்றார். அவர் கொணர்ந்தவற்றோடு கேம்பிரிட்ஜில் இன்று ஏறத்தாழ 1,93,000 துண்டுகள் உள்ளன. சீராக்கின் நூலைத் தேடிப் போனவர்களுக்கு ஒரு நகரத்தின் அன்றாட வாழ்வே கிடைத்தது என்பது என் உள்ளத்தை எப்போதும் தொடும் செய்தி.

இனி, சதுர எழுத்துக்கும் முழு ஓட்டெழுத்துக்கும் நடுவே நின்ற மற்றொரு வகையைக் கூறவேண்டும். எழுத்துகள் வளைந்தும் எளிமையாகியும் இருக்கும். ஆனால் ஒன்றோடொன்று பெரும்பாலும் ஒட்டா. இதனை 'அரை எழுதுகோல்' என்னும் பொருள்படும் பெயரால் யூதர் குறித்தனர். உரைநூல்களையும் சட்ட நூல்களையும் படியெடுக்க இது பயன்பட்டது. 1475ஆம் ஆண்டு தென் இத்தாலியின் ரெஜ்ஜோ நகரில் ஆபிரகாம் பென் கார்த்தோன் என்பவர், ஐந்தாகமங்களுக்கு ராஷி எழுதிய உரையை அச்சிட்டபோது இவ்வகைக் கையெழுத்தையே அச்செழுத்தாக வார்த்தார். ஆண்டு குறிக்கப்பெற்ற எபிரெய அச்சுநூல்களுள் இதுவே முந்தியது. அதனால் அவ்வச்செழுத்துக்கு 'ராஷி எழுத்து' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பிரான்சின் திருவா நகரில் 1040 முதல் 1105 வரை வாழ்ந்த ராஷி இவ்வெழுத்தை ஒருநாளும் எழுதியவரல்லர். அஷ்கனாசி உலகின் தலைசிறந்த உரையாசிரியரின் பெயரைச் செபராதி எழுத்தொன்று சுமந்து நிற்கிறது!

இவ்வச்செழுத்து நம் கல்வியோடும் தொடர்புடையது. ஆந்த்வெர்ப் நகரத்துக் கிறிஸ்தவரான தானியேல் பொம்பெர்க் வெனிஸ் நகரில் அச்சகம் நிறுவி, 1516-17இலும் 1524-25இலும் ரபிமார்களின் உரைகளோடு கூடிய பெரிய திருமறைப் பதிப்புகளை வெளியிட்டார். பக்கத்தின் நடுவே திருமறை சதுர எழுத்தில் நிற்க, உரைகள் ராஷி எழுத்தில் அதனைச் சூழ்ந்தன. தேவவசனம் எது, மனிதர் உரை எது என்று வாசிப்பவர் கண்ட மாத்திரத்தில் அறியும்படி எழுத்து வடிவமே வேலியாயிற்று. இரண்டாம் பதிப்பைத் திருத்தியமைத்த யாக்கோபு பென் ஹயீம், தூனிஸ் நாட்டிலிருந்து வந்தவர். அப்பதிப்பின் பாடத்தையே அடிப்படையாகக் கொண்டு கித்தெல் தம் எபிரெயத் திருமறையின் முதலிரு பதிப்புகளை அமைத்தார். 1937இல் நிறைவுபெற்ற மூன்றாம் பதிப்பிலேதான் லெனின்கிராட் கையெழுத்துப் பிரதி அவ்விடத்தைப் பெற்றது. நாம் நடுவிலுள்ள சதுர எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். சுற்றியிருந்த உரைகளை விட்டுவிட்டோம்.

1492ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள், கத்தோலிக்க மன்னர் எனப் பெயர்பெற்ற பெர்தினாந்தும் இசபெல்லாவும் கையொப்பமிட்ட ஆணை, ஞானஸ்நானம் பெறாத யூதர் அனைவரும் ஜூலை மாத முடிவுக்குள் நாட்டைவிட்டு வெளியேறவேண்டும் எனக் கட்டளையிட்டது. கிறிஸ்துவின் பெயரால் நிகழ்ந்த இக்கொடுமையை நம் சபை வரலாற்று வகுப்புகளில் ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். அவ்வாண்டைக் கொலம்பசின் ஆண்டாகவே நம் மாணவர் நினைவில் வைத்திருக்கின்றனர். யூதர் விட்டுச்சென்ற ஊராட்சிப் பதிவுகள் சில ஸ்பெயினிலேயே தங்கின. 1432இல் வல்லதோலித் நகரில் கஸ்தீலிய யூதச் சமூகங்கள் கூடி இயற்றிய விதிகள், எபிரெயமும் கஸ்தீலியமும் கலந்து, முழுவதும் எபிரெய எழுத்தில் எழுதப்பட்டவை. தங்கள் நாட்டு மொழியைத் தங்கள் எழுத்தில் எழுதும் வழக்கம் நாடுகடத்தலுக்கு முன்பே வேரூன்றியிருந்தது என்பதற்கு அவை சான்று.

இங்கே ஒரு முரண்பாட்டைச் சுட்டாமல் இருக்க இயலாது. யூதரைத் துரத்திய இருபத்தைந்து ஆண்டுகளுக்குள், அதே ஸ்பெயினின் அல்காலா நகரில், கர்தினால் சிஸ்னேரோசின் ஆதரவில் பன்மொழித் திருமறை 1514 முதல் 1517 வரை அச்சாயிற்று. அதன் எபிரெயப் பகுதியில் உழைத்தவர்களுள் அல்போன்சோ தெ சமோரா முதலியோர் யூதராய்ப் பிறந்து கிறிஸ்தவரானவர்கள். யூதரின் புலமை வேண்டும், யூதர் வேண்டாம் என்பதே அன்றைய சபையின் நிலை.

துரத்தப்பட்டோரில் பலர் போர்ச்சுக்கலுக்கும், பலர் வட ஆப்பிரிக்காவுக்கும் இத்தாலிக்கும் போயினர். பெருந்தொகையினர் காலப்போக்கில் ஒத்தமான் பேரரசை அடைந்தனர். சுல்தான் இரண்டாம் பயசீது அவர்களை ஏற்றுக்கொண்டார். இஸ்தான்புல், சலோனிக்கா, எதிர்னே, இஸ்மீர், ரோது தீவு, சரயேவோ ஆகிய இடங்களில் ஸ்பானிய மொழி பேசும் யூதச் சமூகங்கள் எழுந்தன. தாவீது, சாமுவேல் இபின் நக்மியாசு என்னும் சகோதரர் 1493இல் இஸ்தான்புல்லில் எபிரெய நூலொன்றை அச்சிட்டனர். அப்பேரரசில் எம்மொழியிலும் இயங்கிய முதல் அச்சகம் இதுவே. துருக்கியருக்குத் தங்கள் மொழியில் அச்சகம் அமைய 1720களின் இறுதிவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவர்கள் பேசிய மொழியை யூத-ஸ்பானியம் என்றும் லதீனோ என்றும் வழங்குகிறோம். கண்டிப்பாகச் சொன்னால், லதீனோ என்பது திருமறையை எபிரெயச் சொல்லொழுங்கு மாறாமல் சொல்லுக்குச் சொல் பெயர்த்த மொழிநடையின் பெயர். 1547இல் இஸ்தான்புல்லில் சொன்சீனோ அச்சகம் வெளியிட்ட ஐந்தாகமம், எபிரெய மூலத்தோடு யூத-ஸ்பானிய, யூத-கிரேக்க மொழிபெயர்ப்புகளை எபிரெய எழுத்திலேயே தருகிறது. மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபடுவோர் கவனிக்கத்தக்க சில நுட்பங்கள் இம்மொழியில் உண்டு. ஸ்பானியர் கடவுளைத் 'தியோஸ்' என்பர். அச்சொல்லின் இறுதி ஒலி பன்மைபோல் ஒலிக்கிறது என்று கருதிய யூதர் அதனை நீக்கி 'எல் தியோ' என்றே சொல்லினர். ஞாயிற்றுக்கிழமையை ஆண்டவருடைய நாள் என்று பொருள்படும் ஸ்பானியப் பெயரால் அழைக்க அவர்கள் மனம் ஒப்பவில்லை. முதல் நாள் என்னும் அரபுச் சொல்லைக் கொண்டு 'அல்ஹத்' என்றனர். நாட்டு மொழியை முழு உரிமையோடு எடுத்துக்கொண்ட மக்கள், அறிக்கையிட வேண்டிய இடத்தில் ஓர் ஒலியைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

இம்மொழியின் அச்சு நூல்கள் ராஷி எழுத்திலும், தலைப்புகள் சதுர எழுத்திலும் வெளிவந்தன. 1730இல் யாக்கோபு கூலி இஸ்தான்புல்லில் தொடங்கிய 'மெயாம் லோஎஸ்' என்னும் பெரிய திருமறை விளக்கவுரையும், பிற்காலச் செய்தித்தாள்களும் அவ்வாறே. கையால் எழுதும்போது மட்டும் சொலித்ரேயோ. ஆகவே கல்வி பெற்ற ஒத்தமான் யூதர் ஒருவர் ஒரே அகரவரிசையின் மூன்று வடிவங்களை அறிந்திருந்தார்: தொழுகைக்குச் சதுரம், வாசிப்புக்கு ராஷி, எழுதுவதற்குச் சொலித்ரேயோ.

சொலித்ரேயோ எழுதப்படும் முறையைச் சற்று விரிவாகவே காண்போம். எபிரெயத்தில் உயிரெழுத்துகள் இல்லை. புள்ளிகளால் உயிரொலியைக் குறிப்பதை நாம் அறிவோம். கடிதம் எழுதுகிறவர் புள்ளியிட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆதலால் ஆலெப் 'அ' ஒலிக்கும், யோத் 'இ', 'எ' ஒலிகளுக்கும், வௌ 'உ', 'ஒ' ஒலிகளுக்கும் நின்றன. ஸ்பானிய மொழியிலுள்ள சில மெய்யொலிகளுக்கு எபிரெயத்தில் எழுத்தில்லாத குறையைத் தீர்க்க, கிமெல், பே முதலிய எழுத்துகளின்மேல் சிறு கோடொன்றை இட்டனர். கோடிட்ட கிமெல் 'ச' ஒலியையும் கோடிட்ட பே, பற்கள் உதட்டைத் தொட்டு எழும் மேனாட்டு ஒலியையும் குறித்தன. 'க' ஒலிக்குக் கோப் எழுத்தையும், 'த' ஒலிக்குத் தேத் எழுத்தையும் பயன்படுத்தினர். கப், தௌ ஆகியவை எபிரெயச் சொற்களுக்கென ஒதுங்கின. ஏனெனில் ஸ்பானிய வாக்கியத்தின் நடுவே தோரா, சபாத், பெரீத் போன்ற எபிரெயச் சொல் வரும்போது, அதனை ஒலிப்படி எழுதாமல் திருமறையில் உள்ளவாறே எழுதினர். இவ்வாறு ஓடும் கையெழுத்தின் இடையிலும் திருமறைச் சொல் தன் பழைய உருவோடு வந்து அமர்ந்தது.

எழுத்துகள் வலமிருந்து இடமாகச் செல்லும். அவை ஒன்றோடொன்று கோக்கப்பட்டு, பல சொற்கள் எழுதுகோலை எடுக்காமலே முடிந்துவிடும். ஆலெப்பும் லாமேதும் சேர்ந்து ஒரே உருவாவது இடைக்காலத்திலேயே தோன்றிய வழக்கம். சொலித்ரேயோவில் இத்தகைய கூட்டெழுத்துகள் மிகப் பல. இதனால் பயில்வோருக்கு இரட்டைத் துன்பம் நேருகிறது. ஓர் எழுத்து தனித்து நிற்கும்போது ஒருவகையாகவும், அடுத்த எழுத்தோடு சேரும்போது வேறுவகையாகவும் தோன்றும். அதற்குமேல், எழுதுபவரின் ஊரும் கைப்பழக்கமும் வடிவை மாற்றும். இலக்கண நூலை வைத்துக்கொண்டு இதனைக் கற்க முடியாது; ஒருவருடைய கடிதங்கள் பலவற்றைப் படித்துப் பழகினால்தான் அவருடைய கை நமக்குப் பிடிபடும்.

எவற்றையெல்லாம் அவர்கள் இதில் எழுதினர்? வணிகக் கணக்குகள், பற்றுச்சீட்டுகள், சமூகத்தின் பதிவேடுகள், ரபிமார்களின் கடிதங்கள், பாடல் ஏடுகள், மணப்பெண்ணின் சீர்வரிசைப் பட்டியல்கள், அயல்நாடு சென்ற மகனுக்குத் தந்தை எழுதிய மடல்கள். பெரும்பாலும் இவற்றுள் இறையியல் இல்லை என்று நாம் சொல்லிவிடக்கூடும். ஆயினும் புதிய ஏற்பாட்டின் பெரும்பகுதி கடிதங்களே என்பதை மறந்துவிட வேண்டாம். அப்போஸ்தலனாகிய பவுல் தெசலோனிக்கே சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தை முடிக்கையில், வாழ்த்துதலைத் தம் கையாலேயே எழுதி, அதுவே தம் நிருபங்களுக்கு அடையாளம் என்கிறார். அத்தெசலோனிக்கேதான் நாம் பேசிவந்த சலோனிக்கா. அவர் பிரசங்கித்த ஜெப ஆலயத்தைச் சேர்ந்தோர் கிரேக்கம் பேசிய பழைய யூதர்; 1492க்குப் பின் வந்தோர் ஸ்பானியம் பேசியோர். ஊர் ஒன்றே.

நம் நாட்டோடும் ஒரு சிறு தொடர்பு உண்டு. கொச்சியில் பரதேசி யூதரின் ஜெப ஆலயம் 1568ஆம் ஆண்டு கட்டப்பட்டது. அச்சமூகத்தில் செபராதி வழிவந்த குடும்பங்கள் இருந்தன. கல்கத்தாவில் ஆங்கிலக் குருவாய்ப் பணியாற்றிய கிளாடியஸ் புக்கானன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலையாள நாட்டு யூதரிடமிருந்து பெற்ற எபிரெயக் கையெழுத்துப் பிரதிகள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திற்குச் சென்றன. அவற்றுள் புதிய ஏற்பாட்டின் எபிரெய மொழிபெயர்ப்பும் ஒன்று. அது சிறிய ரபினிய எழுத்தில் எழுதப்பட்டிருந்ததை அவரே தம் நூலில் பதிவுசெய்திருக்கிறார். யூதரின் ஓட்டெழுத்து வகைகளை மேனாட்டார் அன்று பொதுவாக ரபினிய எழுத்து என்றே அழைத்தனர்.

புராட்டஸ்டண்டு மிஷனெரிகளும் ஒத்தமான் யூதரிடையே வந்தனர். அமெரிக்க மிஷன் சங்கத்தின் வில்லியம் ஷாப்லர் 1832இல் இஸ்தான்புல்லை அடைந்து, யூத-ஸ்பானியத்தில் பழைய ஏற்பாட்டை ஆயத்தம் செய்தார். அது எபிரெய எழுத்தில் 1840களின் தொடக்கத்தில் வியன்னா நகரில் அச்சாயிற்று. அவர் பணியின் நோக்கத்தைப்பற்றி இன்று நாம் வேறுவிதமாகச் சிந்திக்கக்கூடும். எனினும் மக்களின் மொழியையும் எழுத்தையும் அவர்களிடமே கற்றுக்கொண்ட அந்த உழைப்பு மெய்யானது.

சொலித்ரேயோவின் வீழ்ச்சி பல திசைகளிலிருந்து வந்தது. 1860இல் பாரிசில் தோன்றிய அலியான்சு என்னும் யூதச் சங்கம் ஒத்தமான் நகரங்களில் பள்ளிகள் நிறுவிப் பிரெஞ்சு மொழியில் கற்பித்தது. அப்பள்ளிகளில் பயின்றோர் தம் தாய்மொழியைக் கொச்சையென்று எண்ணலாயினர்; கடிதங்களையும் இலத்தீன் எழுத்தில் எழுதினர். 1928இல் துருக்கிக் குடியரசு அரபு எழுத்தைக் கைவிட்டு இலத்தீன் எழுத்தைச் சட்டமாக்கியபோது, அங்கிருந்த யூதரும் தங்கள் ஸ்பானியத்தை அவ்வெழுத்துக்கே மாற்றினர். நியூயார்க் நகரில் 'லா வாரா' என்னும் இதழ் எபிரெய எழுத்தில் 1948வரை தொடர்ந்து வெளிவந்து நின்றது. எபிரெயத்தைப் பேச்சுமொழியாக உயிர்ப்பித்தோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் உச்சரிப்பைச் செபராதியரிடமிருந்து எடுத்துக்கொண்டனர். கையெழுத்தையோ தங்கள் அஷ்கனாசி ஊர்களிலிருந்து கொண்டுவந்தனர். இன்று இஸ்ரேலில் பிள்ளைகள் பள்ளியில் எழுதிப் பழகுவது அந்த அஷ்கனாசி ஓட்டெழுத்தே. செபராதிக் குடும்பத்துப் பேரப்பிள்ளை எபிரெயம் நன்கறிந்திருந்தும் பாட்டனாரின் கடிதத்தை வாசிக்க முடியாமற்போனது இதனால்தான்.

ஆனால் இவையெல்லாம் மெல்ல நிகழ்ந்த மாற்றங்கள். சலோனிக்காவில் நிகழ்ந்தது வேறு. 1913ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நகரத்தின் 1,57,889 மக்களில் 61,439 பேர் யூதர். சனிக்கிழமைகளில் துறைமுகமே வேலைநிறுத்தி ஓய்ந்திருந்த ஊர் அது. 1917ஆம் ஆண்டுப் பெருந்தீயில் ஏறத்தாழ 50,000 யூதர் வீடிழந்தனர். ஜெப ஆலயங்களும் நூலகங்களும் எரிந்தன. 1941இல் ஜெர்மானியப் படை நகரைப் பிடித்தது. நூல்களையும் பதிவேடுகளையும் கொள்ளையிடுவதற்கென்றே ஒரு நாத்சி அமைப்பு வந்து, அகப்பட்டவற்றை வாரிச் சென்றது. 1942 டிசம்பரில் பழமையான யூதக் கல்லறைத் தோட்டம் அழிக்கப்பட்டு, கல்லறைக் கற்கள் கட்டடங்களுக்குப் பயன்பட்டன. 1943 மார்ச்சு 15ஆம் நாள் முதல் இரயில் வண்டி ஆஷ்விட்சுக்குப் புறப்பட்டது. ஆகஸ்டு மாதத்திற்குள் 45,000க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் சென்றடைந்தவுடனே கொல்லப்பட்டனர். 1944 ஜூலையில் ரோது தீவின் யூதர் ஏறத்தாழ 1,700 பேரும் அதே வழியில் சென்றனர். சொலித்ரேயோவை வீட்டில் எழுதி வந்த மக்கள் இவர்களே. எழுத்து வழக்கொழிந்தது என்று நூல்கள் கூறுகின்றன. எழுதியவர்கள் கொல்லப்பட்டனர் என்று சொல்வதே நேர்மை.

எபிரெயத்தை நாம் மல்கியாவோடு நிறுத்திக்கொள்கிறோம் என்பது என் நெடுநாளைய மனக்குறை. பழைய ஏற்பாடு முடிந்ததும் அம்மொழியும் அதன் மக்களும் முடிந்துவிட்டதைப்போல் நம் பாடத்திட்டங்கள் அமைந்துள்ளன. இடையிலுள்ள நூற்றாண்டுகளில் நம் சபையின் கை அம்மக்கள்மேல் எவ்வாறு விழுந்தது என்பதை மாணவர் அறியாமலே பட்டம் பெறுகின்றனர். சொலித்ரேயோவை எல்லாரும் கற்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. சதுர எழுத்துக்கு அப்பாலும் எபிரெய எழுத்து வாழ்ந்தது என்பதற்கு, ஒரு கடிதத்தின் படத்தையாவது முதலாண்டு வகுப்பில் காட்டலாம். அதற்குப் பத்து நிமிடம் போதும்.

சலோனிக்காவிலிருந்து கொள்ளைபோன பதிவேடுகள் போருக்குப்பின் நியூயார்க், மாஸ்கோ, எருசலேம் ஆகிய நகரங்களில் பிரிந்து கிடைத்தன. ரோதிலிருந்தும் துருக்கியிலிருந்தும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாத்தில் நகருக்குக் குடியேறிய குடும்பங்கள் பெட்டிகளில் வைத்திருந்த மடல்களையும் ஏடுகளையும் அங்குள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் திரட்டிப் படமெடுத்து வருகிறது. இவ்வெழுத்துக்கெனக் கணினி அச்செழுத்தும் உருவாக்கப்பட்டிருக்கிறது. சிறுவயதில் இதனை எழுதிப் பழகிய முதியோர் மிகச் சிலரே. இன்று வாசிக்கத் தெரிந்தவர் பலரும் ஆய்வாளர்கள். அவர்கள் ஒரு மடலைக் கையிலெடுத்தால், முதலில் தேடுவது வழக்கமாக வரும் தொடக்க வாழ்த்தையும் தேதியையும் எபிரெயச் சொற்களையும்தான். திருமறையிலிருந்து வந்த அச்சொற்கள் உருமாறாமல் எழுதப்பட்டிருப்பதால், அவற்றைப் பற்றிக்கொண்டு பக்கத்திலுள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாக அடையாளங்கண்டு, மடலின் மற்றப் பகுதிக்குள் நுழைகின்றனர்.